பிடுங்குவதா? காப்பதா?

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆனால் பல்வலியால் இரண்டு இரவு தூக்கம் கெட்டுவிட்டால், "பிடுங்கி எறி, பீடை ஒழிந்தது" என்று சொல்பவர்களும் அதே பாட்டிமார்தாம். இவ்விரண்டில் எது சரி? இக்கேள்வி இவ்வாண்டு எங்கள் வகுப்புத் தோழியர் இருவரின் வீடுகளில் எழுந்தது.

முதல் தோழியின் தாயாருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் வேர்ச் சிகிச்சை நடந்தது. 'ரூட் கெனால்' என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். பல் சரியாகிவிட்டது என்று வீட்டில் அனைவரும் மறந்தே போயினர். சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பல்லின் ஈறில் கடுகளவு கொப்புளம் ஒன்று தோன்றியது. அது உடைந்து சீழ் வடியும். நான்கு நாளில் ஆறும். பிறகு மீண்டும் தோன்றும். வலி அதிகம் இல்லை. "உன் பரீட்சை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று அம்மா தள்ளிப்போட்டார். "ஒரு தடவை காசைக் கொட்டியது போதாதா? பிடுங்கிவிடு" என்றார் பாட்டி.

மற்றொரு தோழியின் அத்தைக்கு மேல்தாடையில் முன்கடைவாய்ப் பல் ஒன்று. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன் வேர்ச் சிகிச்சை செய்து, உள்ளே உலோகக் கம்பி நட்டு, மேலே உறை போட்டிருந்தனர். அவருக்கும் அதே போன்ற கொப்புளம், அதே சீழ். ஆனால் அத்தையோ, "எவ்வளவு செலவானாலும் என் பல்லை எடுக்க விடமாட்டேன்" என்று உறுதியாக நின்றார்.

தோழியர் இருவரும் கவலையோடு வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட எங்கள் உயிரியல் ஆசிரியையான அருட்சகோதரி, "கவலைப்படுவதைவிடக் கற்றுக்கொள்வது நல்லது" என்றார். பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமுக்கு வந்த பெண் பல் மருத்துவரிடம் எங்களைக் கேள்வி கேட்கவும் செய்தார். அன்று அறிந்ததையும் பின்னர்ப் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பல்லின் உள்ளே என்ன இருக்கிறது?

பல் வெறும் கல் அன்று. வெளியே எனாமல் என்னும் கடினமான பூச்சு, அதற்குள் டென்டீன், நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான பற்கூழ். இந்தப் பற்கூழ் வேர்களின் உள்ளே மெல்லிய குழல்களாக நுனிவரை செல்கிறது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 2 வேர்களும் 3 குழல்களும் உண்டு. சிலருக்கு 4 குழல்கள் இருக்கும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லிலோ 3 வேர்கள். அவற்றில் ஒன்றில் மறைவான நான்காவது குழல் பலருக்கும் உண்டு.

சொத்தை ஆழமாகிப் பற்கூழை எட்டினால் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. பற்கூழ் அழுகி இறக்கிறது. கிருமிகளின் நஞ்சு வேரின் நுனி வழியே தாடை எலும்பை அடைகிறது. அங்கே எலும்பு கரைந்து சீழ் கட்டுகிறது.

இதற்கெல்லாம் கிருமிகளே காரணம் என்பதை 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவர் அழகாக நிரூபித்தனர். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள் சில. சாதாரண எலிகள் சில. இரு வகை எலிகளுக்கும் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து விட்டனர். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியற்ற எலிகளின் பற்கூழோ, திறந்த இடத்தைப் புதிய டென்டீனால் தானே மூடிக்கொண்டது! காயம் ஒன்றுதான், வேறுபாடு கிருமி மட்டுமே.

வேர்ச் சிகிச்சையின் நோக்கமும் இதிலிருந்து விளங்கும். இறந்த பற்கூழை எடுத்து, குழல்களை மெல்லிய அரங்களால் தேய்த்து, கிருமிநாசினி நீரால் கழுவி, மீண்டும் கிருமி புகாதபடி அடைத்து மூடுவதே அது. அரம் என்றதும் தச்சர் கையில் உள்ளதை நினைத்துவிடாதீர்கள். இதில் சிறிய அரம் ஒன்றின் நுனி 0.10 மில்லிமீட்டர்தான்! அடைக்கும் பொருளின் பெயர் கட்டா பெர்ச்சா. மலேயா நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைப்பது. அந்த மரம் நம் ஊர் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மறுபடியும் சீழ் ஏன்?

இவ்வளவு செய்த பிறகும் சில பற்களில் ஏன் சீழ் பிடிக்கிறது? மருத்துவர் எங்களுக்கு ஐந்து காரணங்களைச் சொன்னார்.

முதலாவது, கண்ணுக்குத் தப்பிய குழல். வீட்டில் நான்கு அறைகள் இருக்க, மூன்றை மட்டும் பெருக்கினால் நான்காவது அறையின் குப்பை அப்படியே கிடக்குமல்லவா?

இரண்டாவது, அடைப்பு வேரின் நுனிவரை எட்டாமல் நின்றுவிடுதல். அல்லது குழல் மிக வளைந்திருந்ததால் நன்றாகச் சுத்தம் செய்ய முடியாமற் போதல்.

மூன்றாவது, மேல் மூடி கசிதல். சிகிச்சை முடிந்தும் உறை போடாமல் விட்டால் நாளடைவில் மேலடைப்பு தேய்ந்து விளிம்பு திறக்கிறது. எச்சிலோடு கிருமிகளும் உள்ளே இறங்குகின்றன.

நான்காவது, வேரில் நெடுக்காக விழும் விரிசல். விரிசலுக்குள் குடியேறும் கிருமியை எந்த மருந்தாலும் முற்றிலும் அகற்ற முடியாது.

ஐந்தாவது, வேருக்கு வெளியே எலும்பில் தங்கிவிட்ட கிருமிக் கூட்டம் அல்லது நீர்க்கட்டி. இது அரிதானது.

மாத்திரை போதாதா?

"இதற்கு ஏன் இத்தனை பாடு? மாத்திரை சாப்பிட்டால் போதாதா?" என்று நம்மில் பலர் கேட்போம். போதாது. மாத்திரையின் மருந்து இரத்தத்தின் வழியே செல்கிறது. இறந்த பல்லின் குழலுக்குள்ளோ இரத்த ஓட்டமே இல்லை. ஆகவே மருந்து சுற்றியுள்ள வீக்கத்தை அடக்குமேயன்றி உள்ளே இருக்கும் கிருமியைத் தொடாது. மாத்திரை முடிந்த சில வாரங்களில் கொப்புளம் திரும்பவும் வந்து நிற்கும். கடைக்காரரிடம் தாமாகவே கேட்டு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் தவறு.

வலி இல்லையென்று வாளாவிருப்பதும் சரியன்று. கொப்புளத்தின் வழியே சீழ் வெளியேறுவதால்தான் வலி தெரிவதில்லை. உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். முகமோ கழுத்தோ வீங்கினாலும், காய்ச்சல் அடித்தாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. இரவாயினும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழ்ப் பல்லின் சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

முதலில் காரணம் காண்க

தோழியரின் வீடுகளில் நடந்த தவறு என்ன தெரியுமா? பல் ஏன் மீண்டும் கெட்டது என்று அறியுமுன்பே, பிடுங்குவதா காப்பதா என்று வாதாடினார்கள். அப்படியே நாங்களும் வகுப்பில் இரு கட்சியாகப் பிரிந்து பேசினோம். மருத்துவர் சிரித்துக்கொண்டே, "என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள், ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லையே!" என்றார்.

காரணத்தைக் கண்டறிய வழிகள் உண்டு. முதலில் எக்ஸ்ரே. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்க்ஹாஃப் என்பவர் தம் பற்களை அக்கதிரால் படம் பிடித்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததாம்! இன்று நொடிப் பொழுதில் முடிகிறது. தேவையானால் பல்லைப் பல கோணங்களிலும் அடுக்கடுக்காகக் காட்டும் முப்பரிமாண ஸ்கேனும் எடுக்கிறார்கள். தப்பிய குழல் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

கொப்புளத்தின் துளை வழியே மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சியைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்பதை அக்குச்சியே சுட்டிக் காட்டும். அளவுக் கோடுகள் உள்ள கம்பியால் பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தை அளப்பார்கள். சுற்றிலும் ஆழம் குறைவாக இருக்க, ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி ஆழமாக இறங்கினால் வேரில் விரிசல் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

மறுசிகிச்சை எப்போது?

முதல் தோழியின் தாயாருக்குக் காரணம் தெளிவாகக் கிடைத்தது. பல்லில் 4 குழல்கள் இருந்தன. 3 மட்டுமே அடைக்கப்பட்டிருந்தன. அதோடு, அப்போது செலவைக் கருதி உறை போடாமல் விட்டதால் அடைப்பின் விளிம்பும் திறந்திருந்தது. வேரில் விரிசல் இல்லை. பல் ஆடவும் இல்லை. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் நல்ல பல் மிஞ்சியிருந்தது. உறை உறுதியாக நிற்க அந்த அளவு வேண்டும். ஆகவே மறுசிகிச்சைக்கு ஏற்ற பல் என்று மருத்துவர் கூறினார்.

பழைய அடைப்பை இளக்கி எடுத்து, எச்சில் புகாதபடி பல்லைச் சுற்றி இரப்பர் விரிப்பு மாட்டி, நான்காவது குழலைத் தேடித் திறந்து, எல்லாவற்றையும் கழுவி, மருந்து வைத்து, அடுத்த முறை அடைத்தனர். பின் தாமதமின்றி உறையும் போட்டனர்.

மறுசிகிச்சை எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. லண்டனில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மறுசிகிச்சை பெற்ற வேர்களில் 100-க்கு ஏறத்தாழ 80 குணமடைந்தன. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பற்களில் 100-க்கு 95 வாயில் நிலைத்திருந்தன. எலும்பு மெதுவாகவே வளரும். ஆகவே ஓராண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். குணம் முழுமையாகவில்லையெனில் நான்கு ஆண்டு வரையிலும் கவனிப்பார்கள்.

மறுசிகிச்சைக்கும் பிடுங்குவதற்கும் இடையே மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. உள்ளே கம்பி இறுகி எடுக்க முடியாமலிருந்தாலோ, நல்ல மறுசிகிச்சைக்குப் பின்னும் சீழ் நில்லாவிட்டாலோ, ஈறைத் திறந்து வேர் நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரை வெட்டி நீக்கி, அடியிலிருந்து அடைப்பார்கள். இதுவே வேர்நுனி அறுவை.

பிடுங்குவதே முறையாகும் நேரம்

இனி அத்தையின் கதைக்கு வருவோம். அவருடைய பல்லில் ஓரிடத்தில் மட்டும் அளவுக் கம்பி ஆழமாக இறங்கியது. மருத்துவர் ஈறைச் சிறிது விலக்கிப் பார்த்தார். வேரில் மயிரிழை போல நெடுகிலும் ஒரு விரிசல். அதைக் கண்ணாடியில் அத்தைக்கும் காட்டினார். இனி எத்தனை முறை சிகிச்சை செய்தாலும் காசும் காலமும் வீணாகும். தாமதித்தால் பக்கத்து எலும்பும் கரையும். காக்க நினைத்த அத்தைக்குப் பிடுங்குவதே நல்லதாயிற்று. அன்று மாலை அவர் அழுதார் என்று தோழி சொன்னாள். ஆனால், "காரணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். இனி என் மனத்தில் குறை இல்லை" என்றும் சொன்னாராம்.

வேர் நெடுகப் பிளந்த பல், உறை தாங்கும் அளவுக்குக் கூட மிச்சமில்லாத பல், சொத்தை எலும்புக்குக் கீழே இறங்கிய பல், ஈறு நோயால் பிடிப்பிழந்து ஆடும் பல் ஆகியவற்றைப் பொதுவாகக் காப்பாற்ற இயலாது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று சிலர் அஞ்சுவர். அது வீண் பயம். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

ஆனால் பிடுங்கியதோடு கதை முடிந்தது என்று எண்ணலாகாது. இடைவெளியை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாயலாம். எதிர்த் தாடைப் பல் நீண்டு இறங்கலாம். பல் இருந்த இடத்து எலும்பு முதல் ஓராண்டில் அகலத்தில் ஏறத்தாழப் பாதி வரை குறைந்துவிடலாம். மாற்றுப் பல்லுக்கு மூன்று வழிகள் உள்ளன: கழற்றி மாட்டும் பல், இருபக்கப் பற்களையும் செதுக்கிக் கட்டும் பாலம், எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் பல். இம்மூன்றாவது முறையை 1965-இல் சுவீடன் நாட்டில் பிரானெமார்க் என்ற பேராசிரியர் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஆகவே "பிடுங்குவது மலிவு" என்று கணக்கிடும்போது மாற்றுப் பல்லின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அவசரம் விளைத்த கேடு

காரணம் அறியாமல் பிடுங்கியதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றினார். கெட்ட பல்லின்மேல் அழகான தங்க வேலை செய்து மூடுவதால் உடலெங்கும் நோய் பரவுகிறது என்று கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆனால் அதன் பின் பல ஆண்டுகள், மூட்டு வலியானாலும் வேறு நோயானாலும் பல்லே காரணம் என்று எண்ணற்றவர்களின் பற்களைப் பிடுங்கினர். பற்கள் போயின, மூட்டு வலியோ பலருக்குப் போகவில்லை! பின்னர் ஆராய்ச்சிகள் வளர்ந்து அக்கொள்கை மங்கியது. 1943-இல் அமெரிக்காவில் வேர்ச் சிகிச்சைக்கென்றே மருத்துவர் சங்கம் ஒன்று தோன்றியது. எந்தப் பல்லையும் எப்படியும் காக்க வேண்டும் என்ற பிடிவாதமும், எதையும் பிடுங்கிவிட வேண்டும் என்ற அவசரமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் வீட்டில் எவருக்கேனும் இந்நிலை வந்தால் மருத்துவரிடம் ஐந்து கேள்விகளைத் தயங்காமல் கேட்போம். இப்பல் ஏன் மீண்டும் கெட்டது? விரிசல் இருக்கிறதா? உறை தாங்கும் அளவுக்குப் பல் மிச்சமிருக்கிறதா? மறுசிகிச்சை பலிக்கும் வாய்ப்பு எவ்வளவு? பிடுங்கினால் அந்த இடத்தில் என்ன வைப்பது, இரு வழிக்கும் முழுச் செலவு என்ன?

நாமும் சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீரிழிவு, இதய வால்வு நோய், கர்ப்பம், எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எடுக்கும் மருந்து ஆகியவை இருந்தால் அவற்றைப் பொறுத்துச் சிகிச்சை முறை மாறும். செலவுக்கு வழியில்லையே என்று எவரும் சும்மா இருந்துவிட வேண்டாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மிகக் குறைந்த செலவில் இச்சிகிச்சைகள் கிடைக்கின்றன.

முதல் தோழியின் தாயாருக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியிலிருந்த கரிய நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. கொப்புளம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "பரீட்சை முடியட்டும் என்று இருந்திருந்தால் பல்லே முடிந்திருக்கும்" என்று அந்த அம்மா இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

அன்புத் தோழியரே! வீட்டில் எல்லோருடைய நோவையும் முதலில் கவனித்துத் தம் நோவைக் கடைசியில் வைப்பவர் நம் அம்மாதான். ஆகவே இக்கட்டுரையைப் படித்து மூடி வைத்துவிடாதீர்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், "அம்மா, உங்களுக்குப் பல்லில் ஏதாவது தொல்லை இருக்கிறதா? வாயைத் திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஈறில் கடுகளவு கொப்புளம் தெரிந்தால், பிடுங்குவதா காப்பதா என்று வீட்டிலேயே வாதாட வேண்டாம். "ஏன் வந்தது?" என்று கேட்டறிய அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். அதன் பின் எடுக்கும் முடிவு எதுவாயினும் நல்ல முடிவாகவே இருக்கும்.